குளிர்திரளா, குளிர்த்திரளா?

வணக்கம். குளிர்நாட்டுத் தேனீ வளர்ப்புக் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் இடிக்கிறது. வெளியே வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் தேனீக்கள் அடைகளுக்கிடையே நெருங்கி உருண்டையாகிவிடுகின்றன. உறங்குவதில்லை, சிறகை அசைக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் நடுக்கிச் சூடேற்றுகின்றன. அந்த உருண்டைக்கு என்ன பெயர்? ‘கூட்டம்’ பெட்டியிலுள்ள மொத்தக் குடிக்கும் ஆகிவந்த சொல்.

> ‘குளிர்திரள்’ எனலாமே?

நடுவில் ‘த்’ என்ற ஒற்றைப் போடுங்கள் ஐயா. ஒற்றில்லாவிட்டால் வினைத்தொகை; குளிர்கிற திரள் என்றாகிவிடும். உள்ளே குளிர்வதில்லை. புழு (தேனீக் குஞ்சு) இல்லாதபோதே நடுவில் 20 பாகையை ஒட்டி இருக்கும், புழு வளர்ப்புத் தொடங்கினால் 34 வரை ஏறும். வெளியடுக்கு 10க்குக் கீழே போனால் அங்குள்ள தேனீ விறைத்து விழுந்துவிடும். ‘குளிர்த்திரள்’தான் சரி.

> பெரும்பொழுது ஆறில் கூதிர் இருக்கிறதே. கூதிர்த்திரள், நடுவுக்கு அகடு. என்ன குறை?

கூதிர் ஐப்பசியும் கார்த்திகையும். இந்தத் திரள் பங்குனிவரை கலையாது. தவிர, அகராதியோடு யாரும் தேன்பெட்டியைத் திறப்பதில்லை.

பெயர் கிடக்கட்டும், கையேட்டில் ‘கதகதப்பாக மூடி வைக்கவும்’ என்று மட்டும் இருப்பது ஆபத்து. தேனை உண்டு தேனீக்கள் வெளிவிடும் ஈரம் மூடியின் அடியில் படிந்து திரள்மேல் சொட்டும். வறண்ட குளிரைத் தாங்கும் கூட்டம் நனைந்தால் தாங்காது. வெப்பத்தடை மூடிக்கு மேலே. ஈரம் வெளியேற மேல்விளிம்பில் சிறு துளை. கீழ்வாயிலை எலி நுழையாதபடி குறுக்க வேண்டும். இன்னொன்று: திரள் தேனைத் தின்றபடி மேல்நோக்கி நகரும். கடுங்குளிரில் அடை தாங்கும் மரச்சட்டங்களில் இரண்டு தள்ளித் தேன் இருந்தாலும் எட்டாமல் பட்டினியில் சாகும். ஆகவே தேன்சட்டங்கள் திரளுக்கு மேலும் ஒட்டியும் இருக்கட்டும். கூட்டத்துக்கு 25 முதல் 40 கிலோ தேன் வேண்டும். குறைந்தால் 2 பங்கு சர்க்கரைக்கு 1 பங்கு நீர் சேர்த்த பாகு, அதுவும் குளிர் இறங்குமுன். பிந்தினால் அதை வற்றவைத்து மெழுகால் மூடத் தேனீக்களால் முடியாது.

நன்றி, ஈரத்தைத் தனிப் பத்தியாக்குகிறேன். பெரும்பாலோர் சொல்வதால் ‘குளிர்த்திரள்’. நடுவுக்கு ‘மையம்’, வெளியடுக்குக்குப் ‘போர்வை’.

> கூதிர் அடிக்குறிப்பிலாவது வரட்டும்.

‘போர்வை’யை நான் ஏற்கவில்லை. அது தேனீக்களே தலையை உள்நோக்கி வைத்து நெருங்கி நிற்கும் அடுக்கு. போர்வை என்று எழுதினால் யாராவது பெட்டிக்குள் கம்பளியைத் திணிப்பார்கள்.