சணல் விதைக்கும் வயல் தேவை, உதவுவீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். ஆய்வுக்கு வயல் தேடுகிறேன். மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம், கொக்கட்டிச்சோலையோ வெல்லாவெளியோ, பெரும்போக விதைப்புக்கு முன் பசுந்தாட் பசளையாகச் சணல் (சணப்பு) விதைத்து, பூக்கும் நேரம் உழுது மடக்குகிறவர்கள் இருக்கிறீர்களா? அதன் வேர்முடிச்சு பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கும், சரி. நம்ம மண்ணில் அது எவ்வளவு தங்குகிறது என்பதுதான் என் கேள்வி. பக்கத்தில் யூரியா மட்டும் போடும் வயலும் இருந்தால் ஒப்பிட லேசு. மண் மாதிரி மட்டும் எடுப்பேன், பயிரில் கை வைக்கமாட்டேன்.

அப்புறம், 2021 இரசாயன உரத்தடை நேரம் சேதனப் பசளைக்கு மாறி, பிறகு கைவிட்டவர்களும் எழுதுங்கள். (ஒரே போகத்தில் மாறச் சொன்னதே பிழை என்பது என் எண்ணம்.) இன்பொக்ஸில் ஊரையும் வயல் அளவையும் போட்டால் போதும், நானே வந்து பார்க்கிறேன்.