மரக்கிளைகளுக்கு நடுவே நீந்தும் மீன்கள்: அங்கோர் கோயில்களும் தொன்லே சாப் ஏரிக் கிராமங்களும்

சென்ற நவம்பரில் பதினான்கு பேர் கொண்ட குழுவாகக் கம்போடியாவுக்குச் சென்று, சியாம் ரீப் நகரில் ஐந்து நாள்கள் தங்கியிருந்து வந்தோம். நான் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். பழைய கெமர் பேரரசின் தலைநகரான அங்கோரைப் பற்றி வகுப்பில் பேசிய போதெல்லாம் மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் சொன்னேனே தவிர, அத்தனை கல்லையும் சுமந்து வந்து அடுக்கியவர்கள் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தார்கள் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை என் மனத்தில் எழுப்பியவர் எங்கள் வழிகாட்டி. நாற்பது வயது மதிக்கத்தக்கவர், கம்போடியாவின் பெரும்பான்மை மக்களான கெமர் இனத்தவர். அவருடைய தாய்வழிக் குடும்பம் ஏரிக்கரையைச் சேர்ந்தது.

எங்கள் நிகழ்ச்சி நிரலில் "மூன்று நாள் கோயில்கள், அரை நாள் மீனவர் கிராமம்" என்று அச்சிட்டிருந்தார்கள். வழிகாட்டியோ முதல் நாள் காலையிலேயே அங்கோர் வாட்டுக்கு அழைத்துச் செல்லாமல், நேராகப் பாயோன் கோயிலின் வெளித் திருச்சுற்றில் தென்புறச் சுவரின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார். மேலே கோபுரங்களில் செதுக்கிய பெரிய முகங்களைப் பார்க்க எல்லோரும் படியேறிக்கொண்டிருந்தார்கள்; இந்தச் சுவரின் பக்கம் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

1177ஆம் ஆண்டில், இன்றைய வியட்நாமின் நடு, தென் பகுதிகளில் இருந்த சாம்பா நாட்டின் படை நீர்வழியாக வந்து அங்கோரைச் சூறையாடியது என்பதும், அதன்பின் நாட்டை மீட்ட ஏழாம் ஜெயவர்மன் 1181இல் முடிசூடினான் என்பதும் நான் பாடமாகச் சொன்ன செய்திகள்தாம். அவன் எழுப்பிய பாயோனின் சுவரில் அந்தப் போர், படகுகளும் ஈட்டிகளும் துடுப்புகளுமாக நீளமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வழிகாட்டி போரைப் பற்றி இரண்டே வாக்கியங்கள் சொல்லிவிட்டு, படகுகளுக்கு அடியில் இருந்த பகுதியில் விரலைக் கல்லில் படாமல் நகர்த்திக் காட்டினார். அங்கே மீன்கள் இருந்தன. படகில் இருக்கும் மனிதர்களுக்கு இணையான பருமனுள்ள மீன்கள். அவற்றில் சில மரங்களின் கிளைகளுக்கு நடுவே நீந்திக்கொண்டிருந்தன. சிற்பி இடத்தை நிரப்புவதற்காக மரத்தையும் மீனையும் ஒன்றாகச் செதுக்கிவிட்டான் என்று நினைத்து அதை அவரிடம் கேட்டேன். "இல்லை, அம்மா. கண்ணால் பார்த்ததைத்தான் செதுக்கியிருக்கிறான். நாளை மறுநாள் நீங்களும் பார்ப்பீர்கள்" என்றார்.

போர்க்காட்சிக்குக் கீழே இருந்த வரிசையை விட்டு வர எனக்கு மனம் வரவில்லை. சேவல் சண்டை, சந்தையில் அமர்ந்து விற்கும் பெண்கள், கொதிக்கும் அண்டாவுக்குள் இறக்கப்படும் பன்றி, படகிலிருந்து வீச்சுவலை வீசும் ஒருவன். வலையின் கண்கள் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகளாகக் கீறப்பட்டிருந்தன. எண்ணூறு ஆண்டு மழையில் பாதி அழிந்திருந்தாலும், வலை விரிந்து விழப்போகும் அந்தக் கணம் அப்படியே நின்றது. அரச குலத்தாரையும் தேவர்களையும் செதுக்கும் கோயிலில் ஒரு மீனவனுக்கு இவ்வளவு கவனமாக இடம் கொடுத்த கையை நான் வணங்குகிறேன்.

மறுநாள் அங்கோர் வாட். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருமாலுக்காகக் கட்டத் தொடங்கிய, மேற்கு நோக்கிய கோயில். கிழக்குத் திருச்சுற்றில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி உள்ளது. ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள். அவர்களைப் பற்றி எல்லா நூல்களிலும் படிக்கலாம். நான் அன்று குனிந்து பார்த்தது அவர்களுடைய கால்களுக்குக் கீழே. ஓரங்களில் மீன்களும் முதலைகளும் அமைதியாக நீந்துகின்றன. மந்தர மலை சுழலும் நடுவிடத்தை நெருங்க நெருங்க, நீரின் வேகத்தில் அவை இரண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கின்றன. சுழலுக்குள் அகப்பட்ட மீனுக்கு என்ன ஆகும் என்பதை நன்கு அறிந்த ஊரின் சிற்பம் அது.

அன்று இன்னொரு சந்திப்பும் நேர்ந்தது. மேற்கு நுழைவாயிலின் தென்பகுதியில் எட்டுக் கைகளுடன் ஓங்கி நிற்கும் திருமால் சிலை ஒன்று உண்டு. அவ்வூர் மக்கள் அதைத் "தா ரீச்" என்று அழைத்து, தங்களைக் காக்கும் மூதாதைத் தெய்வமாக வழிபடுகிறார்கள். மஞ்சள் துணி சார்த்தப்பட்டிருந்த அந்தச் சிலையின் முன் ஒரு மூதாட்டி ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கைகூப்பியதைக் கண்டதும் தம் கையிலிருந்த கட்டில் மூன்று வத்திகளை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு ஏதோ கேட்டார். "உங்கள் ஊரிலும் இந்தத் தாத்தா இருக்கிறாரா என்று கேட்கிறார்" என்று வழிகாட்டி மொழிபெயர்த்தார். இருக்கிறார் என்றேன். அவருடைய முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ரொலுவோஸ் பகுதியில் உள்ள பாகோங் கோயிலைப் பார்த்தோம். முதலாம் இந்திரவர்மன் 881இல் நிறுவிய, ஐந்து அடுக்குகளாக உயரும் மலைக்கோயில். அங்கிருந்து ஏரிக்கரையில் உள்ள கம்போங் ப்ளுக் கிராமம் மிக அருகில்தான் இருக்கிறது. காலையில் கோயில், நண்பகலில் கிராமம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்ததால்தான் கோயிலுக்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பு எனக்கு விளங்கியது.

தொன்லே சாப் ஏரியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏரியையும் மேக்கொங் ஆற்றையும் இணைக்கும் தொன்லே சாப் ஆறு, கோடையில் ஏரியிலிருந்து தலைநகர் புனோம் பென் நோக்கி ஓடுகிறது. ஜூன் வாக்கில் மேக்கொங்கில் வெள்ளம் பெருகியதும் அந்த நீர் தள்ள, ஆறு திசை மாறி ஏரிக்குள் பாய்கிறது. கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமுமாகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, மழைக்காலத்தின் முடிவில் 15,000 சதுர கிலோமீட்டரையும் தாண்டி விரிந்து, எட்டு ஒன்பது மீட்டர் ஆழம் கொள்கிறது. கரையோரக் காடுகள் மாதக்கணக்கில் நீருக்குள் நிற்கின்றன. மீன்கள் அந்தக் காட்டுக்குள் வந்து முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, உதிரும் இலையையும் பழத்தையும் தின்று கொழுக்கின்றன. நவம்பரில் நீர் வடியத் தொடங்கும்போது கூட்டம் கூட்டமாக ஆற்றுக்குத் திரும்புகின்றன.

கம்போங் ப்ளுக்கில் வீடுகள் ஆறேழு மீட்டர் உயரக் கால்களின் மேல் நிற்கின்றன. நாங்கள் சென்றபோது நீர் வாசற்படிக்குச் சற்றுக் கீழே இருந்தது. இயந்திரப் படகிலிருந்து இறங்கி, பெண்கள் துடுப்புப் போடும் சிறு படகுகளில் இருவர் இருவராகக் காட்டுக்குள் சென்றோம். எங்கள் படகைச் செலுத்தியவரை வழிகாட்டி "மிங்" என்று அழைத்தார். நாம் சித்தி என்று அழைப்பதைப் போன்ற உறவுச்சொல் அது. இயந்திர ஓசை நின்றதும் துடுப்பிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டுமே கேட்டது. ஓரிடத்தில் அவர் ஒரு கிளையைப் பிடித்துப் படகை நிறுத்தி, நீருக்குள் கையை விட்டு, கயிற்றில் கட்டியிருந்த மூங்கில் கூடு ஒன்றை மேலே இழுத்தார். உள்ளே விரல் நீளத்தில் வெள்ளி மீன்கள் துள்ளின. கூட்டைச் சுற்றிலும் மரக்கிளைகள். பாயோன் சுவரில் கண்ட அதே காட்சி என் முழங்கையின் அருகில் இருந்தது. என்னால் சிறிது நேரம் பேச முடியவில்லை.

அந்தச் சிறு மீனுக்கு "த்ரெய் ரியெல்" என்று பெயர். நாட்டின் பணத்துக்கும் ரியெல் என்றே பெயர். மீனிலிருந்தே பணத்துக்குப் பெயர் வந்தது என்று அவ்வூர் மக்கள் நம்புகிறார்கள். "முன்பெல்லாம் இந்த மாதத்தில் இப்படி ஒரு கூட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்" என்று மிங் சொன்னதாக வழிகாட்டி கூறினார். 2012இல் அரசு பெரிய வணிக மீன்பிடி ஒதுக்கீடுகளை ஏரியிலிருந்து நீக்கியதால் சிறு மீனவர்களுக்கு இடம் கிடைத்தது உண்மைதான். ஆனால் மேக்கொங்கின் மேற்பகுதியில் அணைகள் பெருகியிருக்கின்றன; 2019இலும் 2020இலும் வெள்ளம் தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. நீர் ஏறாவிட்டால் காட்டுக்குள் மீன் வராது. சுற்றுலாப் படகு ஓட்டிக் கிடைக்கும் பணம் ஈடு செய்யாதா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டதற்கு, மிங் பதில் சொல்லாமல் மீன்களைப் படகின் அடித்தட்டில் கொட்டிவிட்டுக் கூட்டை மீண்டும் அதே இடத்தில் இறக்கினார்.

*

மேலே எழுதியுள்ள ஆசிரியை அம்மையாரின் பகிர்வைப் படித்தபின், வாசகனான எனக்கும் என் அனுபவத்தை எழுதத் தோன்றியது. நாங்கள் நால்வர் ஜனவரி மாதத்தில் சென்றோம்.

முதலில் ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பார்த்த ஒரு மிதவைக் கிராமத்தில், படகோட்டி எங்களைக் கேட்காமலே ஒரு கடையின் முன் படகை நிறுத்தினார். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓர் அரிசி மூட்டை வாங்கித் தருமாறு கடைக்காரர் வற்புறுத்தினார். நகரச் சந்தையில் விற்கும் விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார். என் மனைவி வாங்கிக் கொடுத்தார். நாங்கள் பள்ளியிலிருந்து திரும்பும்போது, அதே மூட்டை வேறொரு படகில் கடைக்குத் திரும்பிச் சென்றதைக் கண்டோம். பிள்ளைகளின் பசியைக் காட்டிப் பணம் பறிப்பது என்னைப் பல நாள் உறுத்தியது. செல்பவர்கள் கிராமத்துப் பெண்கள் நடத்தும் உணவகத்தில் சாப்பிடுங்கள், அவர்களுடைய துடுப்புப் படகில் ஏறுங்கள், அவர்கள் உலர்த்தி விற்கும் இறாலை வாங்குங்கள். கொடுக்கும் பணம் உழைத்தவர் கையில் சேருவதை நீங்களே பார்க்கலாம்.

இனி நல்லதைச் சொல்கிறேன். ஜனவரி, ப்ரஹோக் என்னும் உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுதைப் போடும் பருவம். வழிகாட்டி எங்களைத் தம் உறவினர் வீட்டு முற்றத்துக்கு அழைத்துச் சென்றார். ஆற்றிலிருந்து வந்த சிறு மீன்களின் தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, கூடையில் போட்டு மிதித்துக் கழுவி, ஒருநாள் வெயிலில் வைத்து, உப்புச் சேர்த்து இடித்துச் சாடியில் அடைக்கிறார்கள். சில வாரங்களில் தொட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழகியதுதான் சுவை என்றார்கள். அந்த மணத்துக்கு எங்களுடன் வந்த ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த எனக்கோ பசி எடுத்தது.

நெல் அறுவடை முடிந்த உழவர்கள் மாட்டுவண்டியில் நெல்லைக் கொண்டுவந்து மீனுக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததாம். இதைக் கேட்டபின் தா ப்ரோம் கோயிலின் கல்வெட்டுச் செய்தி எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. 1186இல் ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக நிறுவிய அந்தக் கோயிலுக்குள் 12,640 பேர் வாழ்ந்தார்கள் என்றும், 3,140 ஊர்களைச் சேர்ந்த 79,365 பேர் அதற்குப் பணி செய்தார்கள் என்றும் கல்வெட்டு கூறுகிறது. இன்று நாம் அங்கே சுவர்களின் மேல் படர்ந்த மரத்தின் வேர்களைப் படம் எடுக்கிறோம். அத்தனை பேருக்கும் ஆண்டு முழுவதும் சோற்றோடு எது போயிருக்கும் என்பதற்கு விடை, அந்த முற்றத்துச் சாடியில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

*

மேலே எழுதிய இருவரின் பகிர்வுகளோடு, மற்றொரு வாசகராக நான் கோயிலைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். 967இல் நிறுவப்பட்ட பாந்தியாய் ஸ்ரீ கோயில், அரசன் கட்டியதன்று. யக்ஞவராகர் என்னும் அரசகுரு கட்டியது. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தைக் குடைந்தது போன்ற வேலைப்பாடு. கிழக்கு வாயில்களில் ஒன்றின் முகப்பில் சிவபெருமான் ஆடுகிறார். அவருடைய காலடியில், எலும்பு தெரியும் உடலும் வற்றிய மார்பும் கொண்ட ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். அவர் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

எங்கள் வழிகாட்டி "பேயுருவில் உள்ள ஓர் அடியார்" என்று மட்டும் சொன்னார். கடற்கரை வணிகர் குடும்பத்தில் பிறந்து, தம் அழகைத் தாமே வேண்டாம் என்று துறந்து, தமிழில் பாடியவர் என்று நான் சொன்னதும், அவர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பெயரை மும்முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, கெமர் எழுத்தில் எழுதிக்கொண்டார். பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த எழுத்து அது. அம்மையாரின் பெயர் அந்த எழுத்தில் எழுதப்படுவதை அந்த முகப்பின் நிழலில் நின்று பார்த்தேன்.

*

முதலில் எழுதியவளே மீண்டும் எழுதுகிறேன். எந்த மாதம் செல்வது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். மரங்கள் நீருக்குள் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் அக்டோபர், நவம்பர். ப்ரஹோக் போடுவதைப் பார்க்க ஜனவரி. மார்ச், ஏப்ரலில் வீட்டுக் கால்களின் முழு உயரமும் வெளியே தெரியும். ஆனால் காட்டுக்குள் படகு போகாது. அங்கோருக்கு மூன்று நாள் நுழைவுச்சீட்டே போதும். நாங்கள் 62 டாலர் கொடுத்தோம். அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். பாயோனின் தென்புறச் சுவருக்குக் காலை எட்டு மணியளவில் சென்றுவிடுங்கள். வெயில் சாய்வாக விழும் அந்த நேரத்தில்தான் வலையின் கண்கள் தெளிவாகத் தெரிகின்றன. பத்து மணிக்கு மேல் மீன்களே மங்கிவிடுகின்றன.