புது இரட்டைக்குழலில் சோக் ட்யூப்: கழற்றுவதும் பராமரிப்பதும் (அனுபவப் பகிர்வு)

இருவிசை:
பேசப்போவது குழல்கள் அக்கம்பக்கமாக உள்ள 12 போர் துப்பாக்கி பற்றி, உதாரணத்துக்கு சி.இசட். பாப்வைட் ஜி2. துருக்கியில் ஹூக்லூ செய்வது, இரண்டு விசை (ட்ரிகர்), கூடவே 5 சோக் ட்யூப், அதாவது குண்டுகள் சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்த குழல் வாயில் திருகி மாட்டும் குட்டிக் குழாய். அவற்றில் இரண்டு, துப்பாக்கியிலேயே ஏறியிருக்கும், மூன்று பெட்டியில். முதல் முறை கழற்றும்போது கவனிக்க வேண்டியவை, சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியவை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மரைசாவி:
வாங்கிய அன்றே, ஒரு தோட்டாகூடச் சுடுவதற்கு முன், இரண்டையும் கழற்றிவிடுங்கள். தொழிற்சாலையில் துரு பிடிக்காமலிருக்கப் பூசும் கிரீஸ் மரையில் எண்ணெய் வேலை செய்யாது. காய்ந்தால் பிசின்தான். அதோடு நூறு தோட்டா சுட்டால் கரியும் சேர்ந்து இறுகிவிடும்.

முதலில் துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பாருங்கள். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையை எடுத்து, குழல் ஜோடியைத் தனியாகப் பிரித்து மேசையில் துணி விரித்து வையுங்கள். பூட்டிய துப்பாக்கியின் வாய்க்கு நேரே முகத்தை வைத்து ட்யூபின் குறியைப் படிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ட்யூபைத் திருகும் சாவியின் நாக்குகள் ட்யூப் விளிம்பில் உள்ள பள்ளங்களில் முழுசாக உட்கார வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த சாவியைத் திருகினால் பள்ளத்தின் ஓரம் மழுங்கிவிடும், அதன்பின் எந்தச் சாவியும் பிடிக்காது. இடப்பக்கமாகத் திருகினால் கழலும். மரை விட்டதும் விரலாலேயே சுற்றி எடுங்கள்.

காடைக்காடு:
குறி பற்றி ஒரு வார்த்தை. பெரெட்டா போன்ற ஐரோப்பிய முறையில் விளிம்பில் ஒரு வெட்டு என்றால் ஃபுல் (மிக இறுக்கம்), இரண்டு இம்ப்ரூவ்டு மாடிஃபைடு, மூன்று மாடிஃபைடு, நான்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர், ஐந்து சிலிண்டர். வெட்டு கூடக் கூட வாய் அகலம். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது சகஜம். சில கம்பெனிகள் வேறு குறி வைப்பதுண்டு, ஆகவே ட்யூபின் உடம்பில் பொறித்ததையும் பாருங்கள்.

குறுக்கம், அதாவது குழலைவிட வாய் எவ்வளவு குறுகுகிறது என்பது, தோராயமாக: இம்ப்ரூவ்டு சிலிண்டர் 0.25 மி.மீ., மாடிஃபைடு 0.5, ஃபுல் 0.9 முதல் 1. வழக்கமான அமைப்பில் முன்விசை வலக்குழலை வெடிக்கும், பின்விசை இடக்குழலை. நாய் நிறுத்திக் காட்டும் பாப்வைட் காடை காலடியிலிருந்தே எழும்பும். முதல் குண்டு கிட்டத்தில், இரண்டாவது தள்ளி. அதனால் வலப்பக்கம் இம்ப்ரூவ்டு சிலிண்டர், இடப்பக்கம் மாடிஃபைடு. துடைத்துவிட்டு மாற்றி மாட்டுவதும் நடக்கும். இரண்டு ட்யூபும் எந்தக் குழலிலும் ஏறும், துப்பாக்கி எதுவும் சொல்லாது.

பட்டறைமேசை:
துடைப்பது இப்படி. ட்யூபை கரைப்பானில் பதினைந்து இருபது நிமிடம் ஊறவையுங்கள். உள்பக்கம் வெண்கலப் பிரஷ், வெளிமரைக்குப் பழைய பல் துலக்கி போதும். உள்ளே சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று படிந்திருப்பது பிளாஸ்டிக் வேட் (தோட்டாவுக்குள் குண்டுகளைத் தாங்கும் கிண்ணம்) உரசிய தடம், கரி அல்ல. அதற்குத் தேய்ப்பைவிட ஊறல்தான் மருந்து.

பலர் மறப்பது குழலின் உள்மரை. குழல் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துத் துலக்குங்கள், அழுக்கு வெளியே விழட்டும். ட்யூபின் அடிவிளிம்பு போய் உட்காரும் படியில் மணல் அளவு கரி இருந்தாலும் ட்யூப் முழுசாக இறங்காது. இறங்காத ட்யூபுக்கும் படிக்கும் நடுவே வெடிவாயு நுழையும், வேட் இடிக்கும். ட்யூப் கிழியும், குழல் வாய் வீங்கும்.

மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை) ஒரு அரிசி அளவு, விரலால் மெல்லப் பரப்புங்கள். அதிகம் வைத்தால் கரியைப் பிடித்துச் சாந்தாகிவிடும்.

மாட்டும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருகுங்கள். மரை மரையில் விழும் சின்ன "டக்" தெரியும், அங்கிருந்து வலப்பக்கம். விரலால் ஏறும்வரை விரல், கடைசியில் சாவியால் ஒரு சின்ன இறுக்கு. பிறகு தோட்டா போடும் பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். சோக் வளையம் வட்டத்துக்குள் வட்டமாக நடுவில் இருக்க வேண்டும். பிறை மாதிரி ஒரு பக்கம் தடித்தால் மரை மாறி ஏறியிருக்கிறது, சுடாதீர்கள்.

இருவிசை:
ஆன்டி-சீஸா, சாதாரண துப்பாக்கி எண்ணெயா?

பட்டறைமேசை:
வாராவாரம் கழற்றுபவருக்கு எண்ணெய் போதும். பருவம் முழுக்கக் கைவைக்காதவருக்கு ஆன்டி-சீஸ். எண்ணெய் சூட்டில் மெலிந்து வடிந்துவிடும். கையில் ஒட்டினால் சட்டை காலி, அது ஒன்றுதான் ஆன்டி-சீஸின் குறை.

மரைசாவி:
சிக்கிய ட்யூப் பற்றி. நம் அவசரம்தான் இங்கே எதிரி. இரண்டு குழலையும் அவற்றின் நடுவே நீளவாக்கில் ஓடும் மேல்கீழ் பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஈயப் பற்றவைப்பு. ஈயம்-வெள்ளீயக் கலவை 183 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். கேஸ் டார்ச்சைக் காட்டினால் ட்யூப் வருமோ வராதோ, பட்டை பிரிந்து வரும். வைஸில் குழலை நெரிப்பதும் வேண்டாம். ட்யூபுக்கு இடம் விட்டுக் கடைந்த வாய்ப்பகுதியில் சுவர் மெல்லியது, நசுங்கும்.

நல்ல ஊடுருவும் எண்ணெயை விளிம்புச் சந்தில் விடுங்கள், பின்பக்கமிருந்தும் துணி சுற்றிய கம்பியால் ட்யூபின் உள்முனையில் தடவுங்கள். வாய் கீழாக ஒரு டப்பாவில் 24 மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு வாய்ப்பகுதியின் வெளிப்பக்கம் கொதிநீர் ஊற்றுங்கள், 100 டிகிரி பற்றவைப்பை ஒன்றும் செய்யாது. குழல் விரிந்த அந்த நொடியில் டி-பிடிச் சாவியால் முதலில் வலப்பக்கம் மயிரளவு இறுக்கி, பிறகு இடப்பக்கம். ஒருவர் குழலை அழுத்திப் பிடிக்க, ஒருவர் திருகுவது நல்லது. நகரவில்லையென்றால் மறுபடி ஊறல். இரண்டு மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. பள்ளம் மழுங்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி, உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் கருவி வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

சதுப்புக்கரை:
எண்ணெயால் தீராத சிக்கல் ஒன்று உண்டு: எஃகுக் குண்டு. அமெரிக்காவில் 1991 முதல் வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டு நாடு முழுக்கத் தடை, அதனால் பலரும் எஃகு போடுகிறார்கள். ஈயம் குறுக்கத்தில் நசுங்கி வழிவிடும், எஃகு விடாது. ட்யூபையே வெளிப்பக்கம் தள்ளும். பொதுவாக மாடிஃபைடைவிட இறுக்கமான ட்யூபில் எஃகு வேண்டாம். ட்யூபில் ஈயம் மட்டும் என்று பொறித்திருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. நேற்றுவரை விரலால் வந்த ட்யூப் எஃகு சுட்ட பிறகு இறுகினால், ஜன்னல் வெளிச்சத்தைக் குழலின் வெளிப்பக்கம் ஓடவிட்டுப் பாருங்கள். வெளிச்சக் கோடு வாயருகே நெளிந்தால் வீக்கம்.

மழையிலோ உப்புச் சதுப்பிலோ நனைந்தால் அன்று இரவே கழற்றுங்கள். ட்யூபுக்குப் பின்னால் ஏறிய நீரை வெளியே துடைத்து எடுக்க முடியாது.

காடைக்காடு:
சுடும்போது 25 தோட்டாவுக்கு ஒருமுறை, துப்பாக்கியைக் காலியாக்கித் திறந்துவிட்டு, ட்யூப் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். இரண்டில் எப்போதும் ஒன்றுதான் முதலில் தளரும், அதிகம் வெடிக்கும் குழல். துடைக்கும்போது ட்யூப் இல்லாமல் வைத்துவிட்டு அப்படியே சுடப் போய்விடாதீர்கள். வெறும் மரையில் ஈயம் அப்பிக்கொள்ளும், மெல்லிய வாயும் தாங்காது. பெட்டியில் சும்மா கிடக்கும் மூன்றுக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். அவைதான் முதலில் துரு பிடிப்பவை.