4 கெட்டது, 8 நல்லது: இவ்வளவுதானா ஃபெங் சுயி?

அமுதா_கோவை:
சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான். நாலாவது மாடியில் ஒன்று பிடித்திருக்கிறது. வீட்டு எண்ணிலும் 4 வருகிறது. பின்னாளில் சீனர்களுக்கு விற்க நினைத்தால் தயங்குவார்கள் என்கிறார் தரகர். வாசல் கதவுக்குச் சிவப்பு அடித்துவிட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். நம் வாஸ்து மாதிரி சீனர்கள் பார்க்கும் ஃபெங் சுயியில் எண், நிறம், பூதம் என்று உண்மையிலேயே ஒரு முறை இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டடக்காரன்:
இருக்கிறது மேடம். ஆனால் தரகர் சொல்வது அந்த முறையே இல்லை. சீனத்தில் 4-ஐச் சொல்லும் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லை ஒட்டி வரும், 8-இன் ஒலி செழிப்பை ஒட்டி வரும். இது பேச்சு வழக்கில் பிறந்த பயமும் ஆசையும். ஃபெங் சுயியின் அடிப்படை வேறு: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம் ஐம்பூதத்தோடு இதைக் குழப்ப வேண்டாம், இதில் காற்றும் இல்லை, வானும் இல்லை. மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், மண்ணில் உலோகம் பிறக்கும், உலோகத்திலிருந்து நீர், நீரால் மரம். அடக்குவதற்கும் ஒரு வரிசை உண்டு. நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், இப்படி. மரத்துக்குக் கிழக்கும் பச்சையும், நெருப்புக்குத் தெற்கும் சிவப்பும், உலோகத்துக்கு மேற்கும் வெள்ளையும், நீருக்கு வடக்கும் கறுப்பும், மண்ணுக்கு நடுவும் மஞ்சளும். பெய்ஜிங்கில் மண்ணுக்கும் தானியத்துக்குமான பலிமேடையில் இந்த ஐந்து நிற மண்ணையும் அந்தந்தத் திசையில் பரப்பியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

எண்களும் இதே கணக்குதான். 1, 6 நீர். 2, 7 நெருப்பு. 3, 8 மரம். 4, 9 உலோகம். 5, 10 மண். சாவு எங்கே வந்தது?

சிராங்கூன்_வாசி:
அண்ணே, ஏட்டில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மக்கள் வாழ்வதை ஒதுக்குகிறீர்கள். சீனப் புத்தாண்டுக்கு என் பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டு ஆரஞ்சுகளை இரண்டு கையாலும் நீட்டுவார். நாமும் இரண்டைத் திருப்பித் தர வேண்டும். ஒற்றையாகத் தரவே கூடாது. கான்டனீஸ் என்ற சீன மொழியில் அந்தப் பழத்தின் பெயரும் தங்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும். கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்கமாட்டார்கள், அந்தச் சொல் இறுதிச் சடங்கை நினைவூட்டும். இதையெல்லாம் வெறும் பேச்சு வழக்கு என்று தள்ள முடியுமா? பெய்ஜிங் ஒலிம்பிக் 2008-இல் எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கியது. ஒரு நாடே மதிக்கும் விஷயம் அது.

பகுத்தறிவு_மணி:
நாடு மதித்தால் உண்மையாகிவிடுமா? கனடாவின் வான்கூவரில் கட்டுநர்கள் 4, 13, 14, 24 என்று மாடி எண்களைத் தாண்டித் தாண்டிப் போட்டார்கள். 2015-இல் மாநகராட்சி அதை நிறுத்தியது. தீ பிடித்தால் எத்தனையாவது மாடி என்று வீரர்கள் ஏறிப்போய்த் தேட வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். இங்கே மட்டும் என்ன? கடைக்குக் கடை மூன்று கால் தவளை, சிரிக்கும் புத்தர். வாங்கினவன் வீட்டில் பணம் கொட்டியதா?

கட்டடக்காரன்:
தவளை வியாபாரத்தை நானும் ஆதரிக்கவில்லை மணி சார். நான் சொல்வது கட்டடத்தை வாசிக்கும் மொழி. சீனாவின் நிங்போ நகரில் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய தியன்யி நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாடி முழுக்க ஒரே கூடம், கீழே ஆறு அறை. 1-உம் 6-உம் நீரின் எண்கள். காகிதத்துக்கு நெருப்புதான் எதிரி, அதனால் கட்டடத்துக்குள்ளேயே நீரை எழுதிவைத்தார்கள். அதை மாதிரியாக வைத்துப் பேரரசர் சியான்லாங் பெய்ஜிங் அரண்மனைக்குள் ஒரு நூலகம் கட்டினார், 1776-இல் முடிந்தது. சுற்றிலும் எல்லா மாளிகையிலும் மஞ்சள் ஓடு மின்னும்போது இதன் கூரை மட்டும் கறுப்பு, ஓரத்தில் பச்சை. கறுப்பு நீர், பச்சை மரம். உள்ளே வைத்த, நான்கு பிரிவாகத் தொகுத்த நூல் தொகுப்பின் பெயரே 'நான்கு கருவூலங்கள்'! பிரிவுக்கு ஒரு நிறப் பட்டில் அட்டை போட்டார்கள். 4-ஐக் கண்டு அரசர் ஓடவில்லை.

பகுத்தறிவு_மணி:
நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். அந்தத் தொகுப்புக்கு ஏழு பிரதி, ஏழு நூலகம். பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் பூங்காவில் இருந்தது 1860-இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படையால் எரிந்தது. யாங்சோவிலும் சென்சியாங்கிலும் இருந்தவை தைப்பிங் என்ற உள்நாட்டுப் போரில் அழிந்தன. நீரின் எண் எங்கே போயிற்று? நிங்போ நூலகம் தப்பியதற்குக் காரணம், உள்ளே நெருப்பே கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடும் முன்னால் இருந்த குளமும்.

கட்டடக்காரன்:
படை வந்து கொளுத்தினால் குளம் என்ன செய்யும்? ஆனால் அந்தக் குளத்தை வெட்ட வைத்த சிந்தனையும், ஆறு அறை போட வைத்த சிந்தனையும் ஒன்றுதான் என்கிறேன். கட்டியவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. எண் மந்திரம் மாதிரி காப்பாற்றும் என்று நான் வாதாடவே இல்லை.

சிராங்கூன்_வாசி:
அப்படியென்றால் என் பாட்டியும் அதையேதான் செய்கிறார் அண்ணே. ஆரஞ்சு மந்திரம் இல்லை, 'உங்கள் வீடு நிறையட்டும்' என்று வாய்விட்டுச் சொல்வதற்கு ஒரு வழி. அரசர் ஓட்டில் எழுதினால் தத்துவம், பாட்டி பழத்தில் சொன்னால் வெறும் வழக்கா? இன்னொன்று, 8 எப்போதும் நல்லது என்று தேர்ந்த ஃபெங் சுயி ஆசான்களே சொல்வதில்லை. ஃபெங் சுயியிலேயே 'பறக்கும் விண்மீன்' என்று ஒரு கணக்கு உண்டு, அதில் 20 ஆண்டுக்கு ஒரு எண் ஆளும். 8-இன் காலம் 2004 முதல் 2023 வரை. இப்போது 9. அதே கணக்கில் 4 படிப்புக்கான விண்மீன்.

அமுதா_கோவை:
இரண்டு மூன்று தடவை படித்தேன். சிவப்புக் கதவு பற்றி யாரும் சொல்லவில்லையே? மேற்குப் பார்த்த வாசல்.

கட்டடக்காரன்:
மேற்கு உலோகத்தின் திசை. சிவப்பு நெருப்பு, உலோகத்தை உருக்கும். அந்த முறையை நம்புகிறவர் மேற்கு வாசலுக்குச் சிவப்பைச் சொல்லவே மாட்டார், வெள்ளையோ மண் நிறமோதான் சொல்வார். நம்பாதவருக்கு எந்த நிறமும் சரி.

பகுத்தறிவு_மணி:
பிடித்த நிறத்தை அடிக்கச் சொல்லுங்கள் அக்கா. மேற்கு வெயில் படும் கதவு, சீக்கிரம் வெளுக்காத பெயின்ட்டா என்று மட்டும் பாருங்கள்.

சிராங்கூன்_வாசி:
விற்கும்போது சிலர் தயங்குவார்கள் என்பது நிஜம் அக்கா, இங்கே பார்த்திருக்கிறேன். அதைத் தரகரே சொல்லிவிட்டார் அல்லவா, அதே காரணத்தைச் சொல்லித் தம்பியை இப்போதே விலையைக் குறைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.