‘ஜுடிஷியஸ்லி’ என்பதற்குச் சரியான தமிழ் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்காக ஒரு துண்டறிக்கையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறேன். ‘ஆன்டிபயாடிக்குகளை ஜுடிஷியஸ்லி பயன்படுத்துங்கள்’ என்ற வரியில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அந்த வினையடை இங்கே சொல்ல வருவது இதுதான்: தேவையா என்று யோசித்து, டாக்டர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாட்கள் முழுக்கக் கொடுப்பது. மடிநோய்க்குக் காம்புக்குள் செலுத்தும் மருந்து ட்யூபை வீக்கம் வற்றியதும் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த மாட்டுக்கு எடுத்து வைக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி உருவாக இதுவும் ஒரு காரணம். அதனால் இந்த வரி வழுக்கக் கூடாது.

‘விவேகமாக’ என்று போட்டேன், மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது. ‘சாதுரியமாக’ என்றால் ஆளை மடக்குகிற கெட்டிக்காரத்தனம் வந்துவிடுகிறது. ‘சமயோசிதமாக’ என்பது திடீரென்று ஒரு சிக்கல் வரும்போது சட்டென்று சமாளிப்பதற்குத்தான் பொருந்தும். ‘சிக்கனமாக’ ஆபத்து, டோஸையே குறைத்துவிடுவார்கள். எங்கள் ஊர் ‘சூச்சிச்சு’ எல்லோருக்கும் புரியும், ஆனால் அதில் கவனம் இருக்கிறதே தவிர, தேவையா வேண்டாமா என்று தீர்மானிப்பது இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லின் பொருளோ ‘தீர்ப்பு’. நான் பார்த்த அகராதிகள் ‘அறிவார்ந்த முறையில்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. ‘அறிந்து அளவோடு’ என்பதைத் தற்காலிகமாக வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

யோசித்து முடிவெடுப்பது, அளவு தவறாமல் கொடுப்பது இரண்டையும் சேர்த்துச் சொல்ல, மாடு வளர்ப்பவர் வாயில் இயல்பாக வரும் சொல் எது?