புதுப்பிப்பு: கரிசல் மண்ணில் வாசல் தளம் தூக்கிய பிரச்சினை தீர்ந்தது

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டு முன்வாசலில் பேவர் கற்கள் மழைக்குப் பொங்கி, வெயிலுக்கு இறங்குகின்றன என்று போன கோடையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கரிசலை 2 அடி தோண்டி எடுத்துவிட்டு கிராவல் (சரளை மண்) நிரப்புங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. 6 அங்குலமாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் ஓட்டி இறுக்கினோம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். அவசரப்பட்டு நிறைய தண்ணீர் விட்ட ஒரு அடுக்கு சேறாகி ரோலரில் அப்பியது, அதைக் காயவிட்டு மறுபடி ஓட்டினோம்.

எதிர்பாராதது அளவுதான். 20க்கு 30 அடிக்கு, 2 அடி ஆழத்துக்கு 12 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கிராவல் என்று கணக்குப் போட்டோம்; இறுகியதில் 15 யூனிட் பிடித்தது. தெருப்பக்கம் சரிவும் கொடுத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டியும் ஒரு கல்கூட அசையவில்லை. தோண்டிய கரிசலில் இப்போது செம்பருத்தி நிற்கிறது.