எதிர்மறை வலுவூட்டல் தண்டனையா? ஒரு கலைச்சொல் வழக்கு

கலைச்சொல் மடற்குழுவினருக்கு வணக்கம்.

'எதிர்மறை வலுவூட்டல்' (negative reinforcement) என்ற உளவியல் சொல்லின் மீது புகாரோடு வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் சென்னையில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம், தன் சிறப்புக் கல்வி வகுப்பின் குறிப்பேட்டை என்னிடம் பார்க்கக் கொடுத்தது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன். கணக்குத் தாளை முன்னால் வைத்தால் கிழித்துப் போடுவான். அன்றைய தேதிக்கு நேரே அவனுடைய ஆசிரியை முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "தாளைக் கிழித்தான். எதிர்மறை வலுவூட்டல் அளிக்கப்பட்டது. பத்து நிமிடம் வராந்தாவில் நிறுத்தினேன்." மறுநாளும் அதே வரி. அதற்கடுத்த நாள் இரண்டு முறை. வெள்ளிக்கிழமை நான்கு முறை.

வராந்தாவில் நானும் போய் நின்று பார்த்தேன். நல்ல காற்று. மெட்ரோ ரயில் வேலைக்கு நிறுத்தியிருக்கும் கிரேன் மெல்லச் சுற்றுவது அங்கிருந்து தெரிகிறது. கணக்கு எங்கும் தெரியவில்லை. நானாக இருந்தாலும் கிழித்திருப்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆசிரியை எழுதிய சொல் சரி. அவர் நினைத்த பொருள்தான் தவறு. தண்டனை கொடுப்பதாக எண்ணி எழுதினார். நடந்தது உண்மையிலேயே எதிர்மறை வலுவூட்டல். கிழித்தான், கணக்கு விலகியது, ஆகவே கிழிப்பது வளர்ந்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பி.எட். படிப்பில் அவருக்குக் கிடைத்தது 'நேர்மறை வலுவூட்டல், எதிர்மறை வலுவூட்டல்' என்ற இணை. நாளிதழ் படிக்கிற எவருக்கும் நேர்மறை என்றால் நல்லது, எதிர்மறை என்றால் கெட்டது. நேர்மறைச் சிந்தனை, எதிர்மறை விமர்சனம் என்றுதானே எழுதுகிறோம். ஆகவே முதலாவது சபாஷ் சொல்வது, இரண்டாவது முட்டி போட வைப்பது என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. கொரோனா காலத்தில் மட்டும் இந்த ஊருக்கு வேறு பாடம் கிடைத்தது. 'பாசிட்டிவ்' என்று முடிவு வந்தால் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அதை நல்ல செய்தி என்று எவரும் இனிப்பு வழங்கவில்லை.

உளவியலில் நேர்மறையும் எதிர்மறையும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும்தான். ஒரு செயலை அடுத்து ஏதோ ஒன்று வந்து சேர, அதனால் அச்செயல் பிற்பாடு அதிகமானால் முதல் வகை. ஏதோ ஒன்று விலக, அதனால் அச்செயல் அதிகமானால் இரண்டாம் வகை. இரண்டிலும் செயல் வளர்கிறது. செயல் தேய்ந்தால்தான் தண்டனை. அதிலும் இதே கூட்டலும் கழித்தலும் உண்டு: திட்டியதால் குறைந்தால் கூட்டல், விளையாட்டு நேரத்தைப் பிடுங்கியதால் குறைந்தால் கழித்தல்.

மூலச்சொல்லே சிக்கலானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட தமது முதல் நூலில் எதிர்மறை வலுவூட்டல் என்ற சொல்லை, இன்று நாம் தண்டனை என்று சொல்வதற்குத்தான் வைத்திருந்தார். 1953 வாக்கில் மாற்றிக்கொண்டார். 1975இல் ஜாக் மைக்கேல் என்ற உளவியலாளர், நேர்மறை, எதிர்மறை என்ற இந்தப் பாகுபாடே தேவையில்லை என்று கட்டுரை எழுதினார். சொந்த வீட்டிலேயே தகராறு தீராத சொல்லை நாம் அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

எனக்கு இப்போது அவசரம், ஏனெனில் பெற்றோருக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளைகளை உடலாலும் மனத்தாலும் வதைக்கக் கூடாது என்கிறது. அப்படியிருக்க, 'எதிர்மறை வலுவூட்டலையும் தேவைக்கேற்பக் கையாளலாம்' என்று என் கையேட்டில் ஒரு வரி அச்சானால், பிரம்புக்கு நானே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

என் யோசனை இது. வலுவூட்டல் இருக்கட்டும், பாடநூலில் ஊன்றிவிட்டது, குளிரூட்டி, செறிவூட்டிய அரிசி என்று 'ஊட்டு' நம் வாய்க்குப் பழகிய வினையும்கூட. முன்னால் நிற்கும் அடைமொழிகளை மட்டும் மாற்றி, சேர்ப்பு வலுவூட்டல், நீக்கு வலுவூட்டல் என்று சொல்லலாமா? தண்டனைக்கும் பொருந்துகிறது: சேர்ப்புத் தண்டனை, நீக்குத் தண்டனை. வலுவூட்டும் பொருளையோ நிகழ்வையோ வலுவூட்டி எனலாம்.

வலுவூட்டியைப் 'பரிசு' என்று எழுதச் சொல்லி ஒரு தோழி வற்புறுத்துகிறார். நான் மறுக்கிறேன். என்னிடம் வரும் ஒரு சிறுமி, ஒரு வரி எழுதி முடித்ததும் நான் கை தட்டினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவாள். ஊருக்குக் கைதட்டல் பரிசு. அவளுக்கு அது அடி. அவளுக்கு வேண்டியதெல்லாம் பஸ் எண்கள். பழைய திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கத்தை வெட்டி, 29சி, 21ஜி என்று மஞ்சள் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வரிக்கு ஓர் அட்டை. வாங்கியதும் முகத்துக்கு மிக அருகே பிடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை வருடிவிட்டு, வலது பக்கம் அடுக்குவாள். பிறகு தானே பென்சிலை எடுப்பாள். பிள்ளை மறுபடியும் பென்சிலை எடுத்தால்தான் அது வலுவூட்டி. கொடுத்தவரின் நல்லெண்ணம் கணக்கில் வராது. 'பரிசு' என்ற சொல்லில் கொடுப்பவர்தான் தெரிகிறார்.

உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

— சிறப்புக் கல்வி ஆசிரியை, அயனாவரம்

*

அம்மையீர்,

முப்பத்தோராண்டு இலக்கணம் நடத்தி ஓய்ந்தவன். உங்கள் புகாருக்கு என்னிடமும் ஒரு சாட்சி இருக்கிறது.

எதிர்மறை என்றால் எங்கள் வகுப்பில் கெட்டது அன்று, இன்மை. ஓடாக் குதிரை, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். குதிரைக்கு ஒழுக்கக் கேடு எதுவும் இல்லை. அது ஓடவில்லை, அவ்வளவே. அந்தக் காதோடு கேட்டால் 'எதிர்மறை வலுவூட்டல்' என்பது வலுவூட்டாமை. ஆக, உளவியலாருக்கு ஒன்று, நாளிதழ் வாசகருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். கலைச்சொல்லுக்கு இதைவிடப் பெரிய குற்றம் வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் சொல்லையும் விட்டுவிட மாட்டேன். சேர்ப்பு தொழிற்பெயர், நீக்கு வினைப்பகுதி. இணையாக நிற்க வேண்டிய இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவையாக இல்லை. அதைப் பொறுத்துக்கொண்டாலும், 'நீக்கு வலுவூட்டல்' என்பதை வினைத்தொகையாக விரித்துப் பாருங்கள். நீக்கிய வலுவூட்டல், நீக்கும் வலுவூட்டல். நீக்கப்பட்டது எது? வலுவூட்டலையே நீக்கியதாகக் கொள்ள ஒரு தடையும் இல்லை. கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிடுவது உங்கள் துறையில் வேறொன்றாக இருக்குமே?

வினையெச்சம் போடுங்கள். சேர்த்து வலுவூட்டல், நீக்கி வலுவூட்டல். எதையோ சேர்த்து, அதனால் வலுவூட்டுவது. எதையோ நீக்கி, அதனால் வலுவூட்டுவது. கலைச்சொல் என்றால் பெயரும் பெயரும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? பள்ளி அறிவியலில் காய்ச்சி வடித்தல் இருக்கிறது, தெளிய வைத்து இறுத்தல் இருக்கிறது. செய்முறை வரிசையாகச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. அவற்றை ஆக்கியவர் எவரோ, ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியில் சமையலறையையும் எட்டிப் பார்த்திருக்கிறார்.

வலுவூட்டலுக்குப் பதிலாக நம் குழுவின் யாழ்ப்பாணத்து நண்பர் முன்மொழிந்த 'மீளவலியுறுத்தல்' செம்மையான சொல்தான். ஆனால் சென்னைக்காரனுக்கு வலியுறுத்தல் என்றதும் கோரிக்கைப் பதாகையோடு சேப்பாக்கத்தில் நிற்பவர்கள்தான் கண்முன் வருவார்கள். அவர் பொறுத்தருள வேண்டும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

*

வணக்கம். நான் அறிஞர் இல்லை. ஆட்டிசம் உள்ள பதினொரு வயது மகனுக்குத் தாய். வந்த மடல்களைப் படித்ததும் ஒரு சந்தேகம்.

ரங்கநாதன் தெருவில் போன வாரம் என் மகன் அலறத் தொடங்கினான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. என் மாமியார் கைப்பையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை அவன் கையில் திணித்தார். அலறல் நின்றது. அன்று மாலைக்குள் பொட்டலம் தீர்ந்தது. "இது நேர்மறை வலுவூட்டல்தானே, பள்ளியில் சொன்னார்களே" என்றேன். "இது லஞ்சம்" என்றார் என் கணவர். எது சரி?

இன்னொன்று. தமிழாசிரியர் ஐயா 'வலுவூட்டல்' வேண்டாம், 'பழக்கல்' என்று மாற்றிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. யானையைப் பழக்குகிறார்கள். 'நடத்தை' என்ற சொல்லே எங்களுக்கு வலிக்கிறது. நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கிற நாட்டில், பையனின் நடத்தை சரியில்லை என்று எழுதி அனுப்பினால் அவன் ஏதோ திருடிவிட்டதுபோல் இருக்கிறது. மகிழ்ச்சி வந்தால் அவன் இரண்டு கைகளையும் உதறுவான். அதை நிறுத்துவதற்காக எவரும் அவனுக்கு நட்சத்திரம் ஒட்ட வேண்டாம். அதையும் உங்கள் கையேட்டில் எழுதுங்கள்.

— ஒரு தாய், பெரம்பூர்

*

குழுவினருக்கு,

ஐயாவின் திருத்தத்துக்குத் தலைவணங்குகிறேன். நான் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது ஓர் இகரத்தில் தீர்ந்துவிட்டது. சேர்த்து வலுவூட்டல், நீக்கி வலுவூட்டல் என்றே எழுதப்போகிறேன். 'தந்து வலுவூட்டல்' இன்னும் எளிது என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆனால் தருவதற்கு ஒரு கை வேண்டும். ஸ்விட்சைத் தட்டியதும் மின்விசிறி சுழல்கிறது, அதைப் பார்க்கவே பிள்ளை மறுபடி தட்டுகிறான். அங்கே எவரும் எதையும் தரவில்லை. சேர்த்து என்பதே இருக்கட்டும்.

பெரம்பூர்ச் சகோதரிக்கு: உங்கள் பிஸ்கட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு என் கையேட்டில் இல்லை. அனுமதித்தால் சேர்த்துக்கொள்கிறேன். ஒரே பிஸ்கட்டில் இரண்டு வேலை நடந்திருக்கிறது. மகன் அலறினான், பிஸ்கட் வந்தது; அவன் அலறலுக்குச் சேர்த்து வலுவூட்டல். பாட்டி பிஸ்கட்டை நீட்டினார், காதைப் பிளந்த சத்தம் போயிற்று; அவர் நீட்டியதற்கு நீக்கி வலுவூட்டல். பொட்டலம் தீர்ந்ததற்கு அதுவே காரணம். பாட்டி பேரனுக்குக் கற்றுக்கொடுத்தார், பேரன் பாட்டிக்குக் கற்றுக்கொடுத்தான்.

லஞ்சமா என்றால், உங்கள் கணவர் பாதி சரி. அலறலை அடக்க அந்த நேரத்தில் கொடுத்ததால் வளர்ந்தது அலறல். கடைக்குள் நுழைந்து, அவன் ஐந்து நிமிடம் கூடைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்த பின் அதே பிஸ்கட்டைக் கொடுத்திருந்தால், வளர்வது அந்த நடை. பொருள் ஒன்றுதான், நேரம்தான் வேறு. பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் செய்தது பாசத்தில்.

பழக்கல் வேண்டவே வேண்டாம். நடத்தைக்குப் பதிலாக, கூடிய இடத்திலெல்லாம் 'செய்வது' என்றே எழுதுகிறேன். கையை உதறுவது பற்றி நீங்கள் கேட்ட வரி முதல் பக்கத்திலேயே வரும். கற்பதற்கும் பிறருக்கும் இடைஞ்சல் இல்லாததை மாற்றுவதற்கு இந்த முறை ஒரு கருவியாகக் கூடாது என்பது என் கட்சியும்கூட.

செய்ததற்கு டோக்கன் கொடுத்து, பிறகு அதற்கு ஈடாக வேண்டியதைத் தரும் டோக்கன் முறைக்கு 'வில்லை முறை' என்று ஒருவர் முன்மொழிந்தார். டோக்கனே இருக்கட்டும். அய்லான், அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் இதை நடத்திப் பார்த்தார்கள் என்று நான் விளக்கத் தொடங்குமுன், பொங்கல் தொகுப்புக்கு ரேஷன் கடையில் டோக்கன் வாங்கிய தாய்மார்களுக்கு முழுதும் புரிந்துவிடுகிறது. காகிதத்துக்கு மதிப்பில்லை, அதைக் கொடுத்தால் வருவதற்குத்தான் மதிப்பு. கரும்பு வராவிட்டால் அடுத்த ஆண்டு யார் வரிசையில் நிற்பார்கள்?

கடைசியாக, வராந்தாப் பையன். அவன் ஆசிரியையும் நானும் உட்கார்ந்து பேசினோம். இப்போது அவன் மேசையில் 'ஓய்வு' என்று எழுதிய ஒரு சிவப்பு அட்டை இருக்கிறது. அதை எடுத்து நீட்டினால் கணக்குத் தாள் இரண்டு நிமிடம் மூடப்படும், பிறகு திறக்கும். இதுவும் நீக்கி வலுவூட்டல்தான். வளர்வது மட்டும் கிழிப்பது அல்ல, கேட்பது. ஒருவர் குறும்புத்தனத்தால் எதைச் சொல்ல முயல்கிறாரோ, அதையே சொல்ல வேறு வழி கற்றுக்கொடுங்கள் என்று 1985இல் கார், டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் எழுதியதன் சாரம் இதுவே. முதல் நாள் அட்டையைப் பதினோரு முறை நீட்டினான். ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆனால் தாள் கிழியவில்லை.

ஐயா கேட்டதற்கு வருகிறேன். கொடுத்துவந்ததை நிறுத்திவிட்டால் செயல் மெல்ல மங்கி மறைவதற்கு எங்கள் துறையில் தனிப்பெயர் உண்டு. பாட்டி கைப்பையைத் திறப்பதை நிறுத்தினால் அலறல் ஒருநாள் ஓயும். 'அணைதல்' என்று வைத்திருக்கிறேன். ஆனால் ஓயுமுன் சிறிது காலம் முன்பைவிடப் பயங்கரமாக எகிறக்கூடும். அங்கேதான் பெற்றோர் பயந்து மீண்டும் கைப்பையைத் திறந்துவிடுகிறார்கள். அணையப் போகிற விளக்கு ஓங்கி எரியும் என்பார்களே, அதுவே. இந்த எகிறலுக்கு 'அணைமுன் ஓங்கல்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி வைத்திருக்கிறேன். இதற்கும் ஒரு வினையெச்சம் கிடைக்குமா, ஐயா? அச்சகத்துக்குத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

— அயனாவரம்